கூடைக் கனம்

"இப்ப நெஞ்சு வலி எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டதும் என் மாமியார் பூவம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு நாளும் வரல தாயி. மீன் கூடையோட பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கடைத்தெரு வரைக்கும் நிக்காமப் போறேன்."

போன மாதம்வரை, பழைய மாத்திரையில், பாதி வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தபாலாபீஸ் சுவரில் சாய்ந்துவிடுவார். அதனால்தான் டாக்டர் மாத்திரையை மாற்றினார். இதற்கும் கேட்காவிட்டால் தஞ்சாவூருக்குப் போய் ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

"அப்ப பழசைவிட இதுதான் உங்களுக்கு நல்லா கேக்குது. ஆஞ்சியோ வேணாம்" என்று டாக்டர் எழுதப் போனார்.



கூடையில் மீன் அடுக்குவது நான்தான். அவர் கூடையின் அடியில் சாக்கை மடித்துப் போட்டு, மேலே நாலு மீனைப் பரப்பி, மிச்சத்தை என் கூடையில் திணித்துவிடுவேன். ஒரு மாதமாக இதுதான் நடக்கிறது. சீர்காழியில் இரண்டு கூடையையும் ஒரே தார்ப்பாயில்தான் கொட்டி விற்கிறோம், யாருக்குத் தெரியப் போகிறது? என் கழுத்துக்குத்தான் தெரியும். "மகாராணிக்கு இந்த வயசுலேயே கழுத்து வலியாம்" என்று தினமும் அவரிடம் ஏச்சு வேறு.

தன் கூடையை அடுத்தவர் தூக்கினாலே சாமியாடுகிற மனுஷி. சொன்னால் வீட்டில் என்னை உண்டு இல்லையென்று பண்ணிவிடுவார். சொல்லாவிட்டால், மாத்திரையை நம்பிக்கொண்டே ஒருநாள் ரோட்டில் விழுந்துவிடுவார்.

சொல்லிவிட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வலி போனது மாத்திரையாலா, கூடையாலா என்று இனி எப்படிக் கண்டுபிடிப்பது என்றார்.

மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை. சுருக்குப்பையை அவிழ்த்து, புது மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"பழசு தீரலையே தாயி. அத வச்சுக்கிட்டு புதுசப் பிரிப்பாங்களா?"

டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப வலி எதனால போச்சுன்னு நெனச்சீங்க?"

"அரைக்கூடைதான தூக்குறேன். இத்தன வருசம் சொமந்த தலைக்குக் கனம் தெரியாதா?"

அடிப்பாவி, தெரிந்துகொண்டேதான் ஏசினாளா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, பழசைத் தூக்கிப் போடச் சொல்லி, முதல் மாத்திரையைத் தானே பிரித்துக் கொடுத்தார். மாமியார் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"என்னையப் பாத்தாச்சு. இவ கழுத்தப் பாருங்க."