ஒன்பது வயதுக் கனவு

செபஸ்தியம்மாளுக்குத் தூக்கத்தில்தான் வேலை. கம்பெனி கொடுத்த பட்டையை நெற்றியில் கட்டிப் படுத்தால், கனவில் கடல்போல் விரிந்த நீலக் கிடங்கில் கம்பெனியின் பார்சல்கள் மிதந்து வரும். அவற்றை ஊர்வாரியாகப் பிரிப்பாள். எட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் இரட்டைச் சம்பளம் என்று சட்டமே இருந்தது.

ஒருநாள் காலை, அவளை ஒட்டிப் படுத்திருந்த ஒன்பது வயது மகள் ஜெசிந்தா கண்ணைக் கசக்கியபடி சொன்னாள்: “அம்மா, கனவுல நானும் பார்சல் பிரிச்சேன். அசதியா இருக்கு.”

செபஸ்தியம்மாள் நெற்றிப் பட்டையை அவிழ்த்துத் தள்ளி வைத்தாள். பட்டை பிள்ளையின் தூக்கத்தையும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கம்பெனிக்கு அது தெரியும்; வேலை கூடியதென்று போன வாரம்தான் பாராட்டியிருந்தார்கள்.

அன்றே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள்.

“குழந்தையோட கனவை எடுக்கிறது குற்றம்தாம்மா. ஆனா புகார் கொடுத்தா, விசாரணை முடியிறவரைக்கும் உங்களுக்கும் வேலை இருக்காது. யோசிச்சுக்கோங்க,” என்றார் அதிகாரி.

“யோசிச்சிட்டுத்தான் சார் வந்தேன்,” என்று கையெழுத்துப் போட்டாள்.

பட்டையை ஒப்படைத்த மூன்றாம் நாள், ஜெசிந்தா சிரித்துக்கொண்டே விழித்தாள்.

“என்ன கனவுடி?”

“சொல்ல மாட்டேன், போ,” என்று போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

செபஸ்தியம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. போர்வைக்குள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.