கையெழுத்தில்லாத கடிதம்

நீள மேசையின் தலைப்பக்கம் பதிவாளர். அவருக்கு வலப்பக்கம், அச்சுப்பொறிப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு நூலகர் அம்மாள். இடப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, கைப்பிடி வைத்த நாற்காலியில் கணினி மையக் கண்காணிப்பாளர். அந்த நாற்காலியைப் பதிவாளரே இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்திருந்தார். யாரும் உட்காரச் சொல்லாததால், கடைசி வருட மாணவி மட்டும் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

கண்காணிப்பாளர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இருபத்தாறு வருட சர்வீஸில் அவர்மேல் ஒரு மெமோ கிடையாது. பல்கலைக்கழகத்தில் அத்தனை பேருடைய மின்னஞ்சலுக்கும் சாவி கையில் இருந்தும், ஒருத்தர் அஞ்சலையும் எட்டிப் பார்க்காதவர் என்று பெயர். அந்தப் பெயர்தான் இப்போது ஒரு மொட்டைக் கடிதத்தில் கிடந்து நாறியது.

"எல்லாரும் ஒருதரம் கேட்டுக்குங்க," என்று பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'கணினி மையக் கண்காணிப்பாளர், தம் நிர்வாகக் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, இங்கேயே படிக்கும் தம் சொந்த மகளின் அஞ்சல் பெட்டியைத் திறந்தார். மேற்படிப்புக்கு இடம் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்தை, மகளைத் தூர அனுப்ப மனமில்லாமல், அவள் பார்க்கும் முன்பே அழித்தார். பல்கலைக்கழகத்தின் சாதனத்தை இப்படிப் பயன்படுத்தியவர்மேல் நடவடிக்கை தேவை. இப்படிக்கு.' அதுக்குக் கீழ வெள்ளையா விட்டிருக்கு."

"எந்த அப்பன் சார் இப்படிச் செய்வான்?" என்றார் நூலகர் அம்மாள். "பொண்ணுக்கு இடம் கிடைக்கலைன்னு மனுஷன் ஏற்கெனவே ஒடிஞ்சு போயிருக்கார். அதுக்கு மேல இது வேற."

"அதானே. பொண்ணு கண்ணுலயே படாத லெட்டர் வந்துச்சுன்னு இதை எழுதினவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம், கனவுல வந்து சொல்லிச்சா?" பதிவாளர் சிரித்தார். "சரிபாக்கலாம்னாலும் அந்த ரெக்கார்டெல்லாம் இவர்கிட்டதான் இருக்கு. இவரைக் கேட்டுத்தான் இவரை விசாரிக்கணும். நல்ல கூத்து."

கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

நூலகர் அம்மாள் பதிவேட்டைத் திருப்பினார். "செவ்வாய்க்கிழமை மதியம் ஒண்ணு பத்து. நூலகத்து ஒன்பதாம் நம்பர் கம்ப்யூட்டர்ல அடிச்சு, அங்கேயே பிரிண்ட் எடுத்திருக்கு. லாகின் இந்தப் பொண்ணோடது."

"நான் எழுதல சார்," என்றாள் மாணவி. "வீட்டிலேர்ந்து போன் வந்துச்சு. லாக் அவுட் பண்ணாம வெளிய போயிட்டேன். திரும்பி வர அரை மணி நேரம் ஆச்சு. நடுவுல யார் உக்காந்தாங்கன்னு சத்தியமாத் தெரியாது."

"சேரும்போது விதிமுறையில கையெழுத்துப் போட்டியே, படிச்சுப் பாத்தியா?"

"இல்ல சார். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

"உன் கணக்குல என்ன நடந்தாலும் நீதான் பொறுப்புன்னு அதுல இருக்கு. சரி, அதை விடு. இவர் பொண்ணுக்கு நீ சிநேகிதி. இவர் வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருக்கே. எப்படிம்மா மனசு வந்துச்சு உனக்கு?"

அவள் கண்காணிப்பாளரைப் பார்த்தாள். அவர் மேசையின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷம் நிறுத்தி வெச்சாத்தான் மத்தவங்களுக்கும் உறைக்கும்," என்றார் பதிவாளர்.

"அவளுக்கு இது கடைசி வருஷம் சார்." கண்காணிப்பாளர் வாய் திறந்தது அப்போதுதான். "கொஞ்சம் யோசிக்கலாம்."

"பாத்தீங்களாம்மா, இப்பேர்ப்பட்ட மனுஷன் மேல எழுதியிருக்கு." பதிவாளர் உருகிப் போனார். "உங்க இரக்கத்தை வீட்டுல வெச்சுக்குங்க சார். 'இது பொய்'னு ரெண்டே வரி மறுப்பு எழுதிக் கொடுங்க. நேரா துணைவேந்தர் கைக்குப் போகட்டும். அதை வெச்சுத்தான் அவர் இவளுக்கு ஆர்டர் போடணும்."

வெள்ளைத் தாள் வந்தது. கண்காணிப்பாளர் ஓரம் மடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். ரெண்டு வரி முடிந்தும் பேனா நிற்கவில்லை. முன்பக்கம் நிறைந்தது, தாளைத் திருப்பினார். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே எழுதினார்.

"மனசுல இருந்ததையெல்லாம் கொட்டறீங்க போல," என்றார் பதிவாளர். "கொட்டுங்க, கொட்டுங்க. நான் படிக்கல. அது உங்க கடிதம்."

கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டார். கீழே பதவியையும் தேதியையும் எழுதினார். தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டு, பசை தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினார். பதிவாளர் கூப்பிட்டு உள்ளே வந்த அலுவலகத் தபால்காரர் உறைமேல் 'அந்தரங்கம்' என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

தபால்காரரின் பின்னாலேயே கண்காணிப்பாளரும் தாழ்வாரத்துக்கு வந்தார். அதற்குள் வெளியே வந்துவிட்ட மாணவி தூணோடு தூணாக நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அங்கிள், நீங்க அப்படிச் செய்யற ஆளில்லைன்னு எனக்குத் தெரியாதா? நான் போய் எழுதுவேனா? யார் நம்பாட்டியும் நீங்களாவது நம்புங்க."

எதிரே துணைவேந்தர் அறைக் கதவு திறந்தது. உறையோடு தபால்காரர் உள்ளே போய், கதவு சாத்திக்கொள்ளும் வரை கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"செஞ்சவனும் நான்தாம்மா. எழுதினவனும் நான்தான்."