பன்னிரண்டு பாட்டில் தண்ணீர்

"எங்கப்பா லாரித் தண்ணியை நான் ஊத்தலை, டீச்சரக்கா," என்றாள் மேரிம். இதோடு மூன்றாவது முறை.

பத்தாம் வகுப்பு முழுக்க அவளையே முறைத்தது. பெர்மெட் டீச்சர் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்ப இதைப் படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

மேரிம் படித்தாள். ஊரில் பன்னிரண்டு வீடுகளில் பிடித்த பன்னிரண்டு பாட்டில் தண்ணீர். பதினொன்றில் கிருமி இல்லை, குடிக்கலாம். ஒன்றில் மட்டும் சாணிக் கிருமி ஏராளம்.

"அந்த ஒண்ணு யார் வீட்டுது?"

"எங்க வீட்டுது."

முழு ஊரும் ஒரே வாய்க்காலில்தான் மொள்கிறது. மேலே ஆடுகள் இறங்கிக் கலக்க, கீழே பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் மஞ்சள் காமாலை. போன வருஷம் பெர்மெட்டின் மகனே நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அதன் பிறகுதான் அவள் வேதியியல் புத்தகத்தை மூடிவிட்டு, இந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தாள். வரைபடம் போடவும், எந்த வீட்டில் யாருக்குக் காமாலை என்று விசாரித்து எழுதவும், அதிகாரிகளுக்கு மனு எழுதவும் ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தாள். தண்ணீர் கெட்டது என்று இந்தக் காகிதம் சொல்லியிருந்தால் மலை ஊற்றிலிருந்து குழாய் வந்திருக்கும். காகிதமோ நல்ல தண்ணீர் என்றது. குழாய்ப் பட்டியலில் ஊர்ப் பெயரை அடித்துவிட்டார்கள். இனி ஐந்து வருஷம் கழித்துக் கேட்கலாமாம்.

போன மாதம் பாட்டில்களோடு வீடு வீடாகப் போனவள் மேரிம். அவள் அப்பா பக்கத்து ஊரில் நல்ல தண்ணீர் பிடித்து, கல்யாணம் காரியத்துக்கு லாரியில் கொண்டுவந்து விற்பவர். குழாய் வந்தால் லாரி வியாபாரம் படுத்துவிடும், அவளை அனுப்பாதீர்கள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். "அவ அப்படிப்பட்டவ இல்லை" என்று எல்லோர் வாயையும் அடைத்தவள் பெர்மெட்தான்.

"பன்னிரண்டு வீட்டுக்கு நாலு மணி நேரமா? அவ்வளவு நேரம் எங்கடி இருந்தே?"

"எல்லா வீட்லயும் உள்ளே கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாங்க. ரொட்டி பிட்டு வாயில போடாம விடலை. வேணாம்னா கோவிச்சுக்கறாங்க. நான் தின்னு முடிக்கறதுக்குள்ளே அவங்களே பாட்டிலை ரொப்பிக் கொண்டுவந்து குடுத்துடுவாங்க."

"ரொட்டி தின்ன கதையை வேற யார்கிட்டயாவது சொல்லு," என்றான் கடைசி வரிசை நூர்பெக். "உங்க வீட்டுது மட்டும் வாய்க்கால் தண்ணி. சந்தேகம் வரக்கூடாதாம்! நல்லாத்தான் மூளை வேலை செய்யுது."

"அப்பா விக்கிற தண்ணியை எங்களுக்குத் தரமாட்டாரு. நாங்களும் வாய்க்கால்லதான் குடிக்கிறோம். நம்ம வீடுதானேன்னு நானே மொண்டேன்."

யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பெர்மெட்டுக்குக் கோபத்தைவிட, ஏமாந்துபோனோமே என்ற வலிதான் பெரிதாக இருந்தது. பெற்ற பிள்ளையைப்போல நம்பினாளே!

"என் மகன் கிடந்த கிடையை வந்து பாத்தவதானே நீ? பக்கத்துல உக்காந்து அழுதவதானே? எப்படிடி மனசு வந்தது?"

மேரிம் புத்தகங்களைப் பையில் போட்டாள்.

"இவங்க பேசினதுகூடப் பரவாயில்லை. நீங்களும் நம்பலையா, டீச்சரக்கா?"

பெர்மெட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மதியம் தண்ணீர் லாரி பள்ளி வாசலில் வந்து நின்றது. யாரோ கண்ணாடி முழுக்கச் சேற்றை வாரி அடித்திருந்தார்கள். மேரிமின் அப்பா இறங்கிக்கூட வரவில்லை.

"இனிமே இவ இங்கே வரமாட்டா. ஓஷ் டவுன்ல என் தங்கச்சி வீட்ல இருந்து தையல் கத்துக்கட்டும்," என்று ஜன்னல் வழியே சொன்னார். மகள் ஏறி உட்கார்ந்ததும் லாரி நகர்ந்துவிட்டது. பெர்மெட் தடுக்கவில்லை. போகட்டும் என்றுதான் நினைத்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, மூன்று வாரமாக மலை மேய்ச்சலில் இருந்த கணவன் ஜெனிஷ் ஆடுகளை வேறு ஆளிடம் விட்டுவிட்டு இறங்கி வந்திருந்தான். அவன் கொடுத்த தேநீரைத் தொடாமல், நடந்ததை எல்லாம் கொட்டி அழுது தீர்த்தாள்.

"பாவி! குழாயைக் கெடுத்துட்டாளே!" என்று ஜெனிஷ் கொதித்தான். "நம்ம வீட்டுக்கும் வந்தாளே அன்னிக்கு. நீ பள்ளிக்கூடத்துல இருந்தே. நான்தானே வெயில்ல வந்த புள்ளையாச்சேன்னு உக்கார வெச்சேன்!"

"நம்ம பாட்டில்ல வாய்க்கால் தண்ணியைத்தானே ஊத்தினா? நீ பாத்தியா?"

ஜெனிஷுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தண்ணி கேட்டு வந்த புள்ளைக்கு வாய்க்கால் தண்ணியா? எந்த வீட்ல அப்படிக் குடுப்பாங்க? காய்ச்சி ஆறவெச்சதைத்தான் நானே ஊத்திக் குடுத்தேன்!"