திரும்பக் கிடைத்த வரி

"கட்டுக்கலைப் பிள்ளையாராணை, மூண்டு ரூபாயும் வரிக்குத்தான் போனது," என்றார் இராஜரத்தினம்.

அவர் சத்தியத்துக்கு அவர் பொறுப்பு. இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வேண்டுமானால் அதே பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்கிறேன்.

இராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கொழும்புப் பத்திரிகைகளுக்கு எழுதிவந்தார். மாதச் சம்பளம் கிடையாது. ஒரு கட்டுரைக்குப் பத்து ரூபாய் மணியோடரில் வரும். அதைத் தபால் கந்தோரில் மாற்றி, மிசன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படித்த மனைவி மங்களேஸ்வரியிடம் ஏழு ரூபாய் கொடுப்பார்.

"பத்துக்கு மூண்டோ? ஆரின்ரை சட்டமப்பா இது?"

"வருமான வரி. பெரிய துரைமாரே பேசாமல் கட்டுகினம். நான் எந்த மூலைக்கு?"

மணியோடர் மாற்றிவிட்டு வரும் நாட்களில் அவருக்கு இராச்சாப்பாடு இறங்காது. புட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, அரசாங்கத்தைத் திட்டி, இரண்டு ஏப்பம் விட்டுப் படுத்துவிடுவார்.

இப்படி ஆறு கட்டுரைகள் போயின. வாடகைப் பாக்கி பதினெட்டு ரூபாய் ஆனது. வீட்டுக்காரர் மஹ்ரூப் முதலாளி வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முந்திக் காசு வரணும். இல்லாட்டி ஒங்கட சாமான் ரோட்டுல, ஒங்கட கதிரையில நான் குந்தியிருப்பேன்."

"இந்த வரி மட்டும் இல்லாட்டி எப்பவோ தந்திருப்பன், முதலாளி."

முதலாளி ஒன்றும் விளங்காமல் தாடியைத் தடவிக்கொண்டு போனார்.

புதன்கிழமை மங்களேஸ்வரி ஒரு கடிதத்தை நீட்டினாள். இங்கிலீசில், முத்து முத்தான கையெழுத்தில், அரக்கு முத்திரையோடு இருந்தது.

"வரிக் கந்தோருக்கு ஒரு பெட்டிசம் போட்டனான். மறுமொழி வந்திருக்கு. வாசியுங்கோ."

இராஜரத்தினம் வாசித்தார். அவரிடம் தவறுதலாக வரி அறவிடப்பட்டிருப்பதாகவும், பதினெட்டு ரூபாயையும் வியாழக்கிழமை அரசாங்கக் கச்சேரிக் கந்தோருக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தது. கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"என்னப்பா, சந்தோசமில்லையோ? நாளைக்கு நானும் கூட வாறன். மூண்டு மூண்டாய் வாங்கின ஆளை ஒருக்கா நேரிலை பாக்கவேணும்."

"நீ வேண்டாம். அங்கை சரியான சனம்."

வியாழக்கிழமை காலை, சட்டைப் பையில் வெள்ளிக் கடிகாரத்தோடு போனார். மத்தியானம் பதினெட்டு ரூபாயோடு திரும்பி வந்தார்.

"கடிகாரம் எங்கையப்பா?"

"சனத்துக்குள்ளை துலைஞ்சு போச்சு."

"ஐயோ பாவம்," என்றாள் மங்களேஸ்வரி, காசை எண்ணி முடித்த பிறகு. "எண்டாலும் அரசாங்கம் சொன்ன சொல் தவறேல்லை."

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்பே வாடகை முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவும் நடந்தது 1929ஆம் ஆண்டில். இலங்கையில் வருமான வரி என்ற ஒன்று வந்தது 1932ஆம் ஆண்டில்.