ஒன்பது புள்ளிப் பூட்டு

"எப்படிடி திறக்கிற?" என்று அம்மா கேட்டால் ஆதிரை சுவரைப் பார்த்தாள். டேப்லெட்டைத் திறக்கும் ஒன்பது புள்ளிக் கோட்டைச் செண்பகம் தினமும் விடிந்ததும் மாற்றினாள். மகளுக்கு முதுகு காட்டி நின்றுதான் போட்டாள், விரல் தடத்தையும் முந்தானையால் துடைத்தாள். ஆனாலும் மாலையில் வேலை விட்டு வந்து தொட்டுப் பார்த்தால் டேப்லெட் சூடாக இருந்தது. ஐந்தாம் நாள், பஸ்ஸுக்கு ஓட இருந்தவள் வாசலில் அப்படியே நின்றாள். அந்தக் குறுகிய வாசலில் மூன்றுக்கு மூன்று புள்ளிதான் பிடிக்கும். தினமும் டேப்லெட்டில் போட்ட கோட்டையே அவள் கை வாசல் கோலத்திலும் இழுத்திருந்தது. மறுநாள் கோலமே வேண்டாமென்று விடவும் முடியாது. வெறும் வாசல் சாவு வீட்டுக்குத்தான். எதிர்வீட்டு அக்கா பதறிக்கொண்டு வந்துவிடுவாள். செண்பகம் டேப்லெட்டில் கோட்டை மாற்றிவிட்டு, வாசலில் புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். ஆபீஸில் எதிலும் மனம் ஒட்டவில்லை. சுட்டுவிரல் மேஜையில் எதையோ இழுத்துக்கொண்டே இருந்தது. மாலையில் திரும்பியபோது வாசலில் ஒன்பது புள்ளிகளும் ஒரே இழுப்பில் சேர்ந்திருந்தன. அன்று காலை அவள் டேப்லெட்டில் வைத்த கோடேதான். அதை அவள் யாருக்கும் காட்டியிருக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி டேப்லெட்டைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. ஆதிரை கோலமாவு ஒட்டிய விரலைப் பாவாடையில் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றாள். "சரியா வந்துச்சாம்மா?" செண்பகம் மறுபடி வாசலை எட்டிப் பார்த்தாள். "நாளைக்கும் புள்ளி மட்டும் வைம்மா."