குடையோடு நின்றவர்

“இதுக்குப் பேரு வீடா, யூசுபி?”

ஹாஜி நுஸ்ரத் சுவரை விரலால் தடவி, அந்த ஈரத்தை எதிரே நின்றவனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹாஜிக்குப் பின்னால் நின்ற புது மருமகள் லாலேயை ஒரு தடவை பார்த்தான். பிறகு கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தான்.

“எங்களால முடிஞ்சது இவ்வளவுதான், ஹாஜி. உங்க வீடா நெனச்சுக்குங்க.”

பேச்சு மட்டும் தேனாய் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டார் ஹாஜி. வடக்கே கடலோரம் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான்.

சொந்த ஊரான யஸ்திலிருந்து இவ்வளவு தூரம் காரில் வந்ததே லாலேக்காகத்தான். தெஹ்ரானில் பெரிய இடத்துப் பெண். “காட்டுக்குள்ள ஒரு மாளிகையே பேசி வெச்சிருக்கேன்” என்று சம்பந்தியிடம் பெருமையடித்திருந்தார். கடலோர ஊரான அன்சலியில் பிடித்த மழை கடலைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. காட்டுப் பாதையில் சிக்னல் இல்லாமல் போனும் செத்துப்போனது.

பாலம் தாண்டிப் பாதை பிரியும் இடத்தில் நிற்பேன் என்று யூசுபி சொல்லியிருந்தான். அந்த மழையில் பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. ஆனால் பாதை பிரிந்த இடத்தில் குடையோடு ஒருவன் நின்று கைகாட்டினான். “வாங்க வாங்க, வீடு பக்கந்தான்!” என்று காருக்கு முன்னால் ஓடினான்.

வந்து பார்த்தால் தகரக் கூரை. இரண்டே அறை. மருமகள் முகத்தைப் பார்க்க ஹாஜிக்குக் கூசியது.

“மாமா, இது ஆளுங்க குடியிருக்கிற வீடு மாதிரி இருக்கே?” என்றாள் லாலே மெதுவாக. ஆணியில் ஒரு பள்ளிக்கூடப் பை தொங்கியது.

அவருக்குச் சுருக்கென்றது. “யூசுபி! உங்க சாமானெல்லாம் இங்க என்ன பண்ணுது? எடுங்க எல்லாத்தையும்!”

“இதோ ஹாஜி. உங்க சொல்லு என் கண்ணு மேல.” பையையும் படுக்கைச் சுருளையும் வாரிக்கொண்டு அவன் மழையில் இறங்கினான். சமையற்கட்டிலிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது: “ரஜப், விறகு கொண்டா!”

மகன் பெஹ்ராங் அவர் காதோரம் குனிந்தான். “போதும்ப்பா. மானம் போகுது.”

“மானம் போகக் கூடாதுன்னுதாண்டா கேக்கறேன்.”

மதியச் சாப்பாட்டுக்கு வாத்துக் கறி வந்தது. வால்நட் அரைத்துவிட்டு, மாதுளைச் சாறு ஊற்றியது. அவர்கள் வந்து இறங்கியபோது முற்றத்தில் விடாமல் கத்திக்கொண்டிருந்த வாத்தின் சத்தம் இப்போது கேட்கவில்லை.

“பூண்டைக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்,” என்றார் ஹாஜி. “நீங்கல்லாம் பாயசத்துலயும் பூண்டு போடுவீங்க போல.”

“போட்டுப் பாத்தோம் ஹாஜி. மாமியார் வெரட்டிட்டாங்க,” என்று சிரித்துக்கொண்டே அவன் சோற்றுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். உட்காரவில்லை. சாப்பிடவும் இல்லை.

அவன் உள்ளே போனதும் ஹாஜியின் மனைவி தூபா பையைத் திறந்தாள். “ஏங்க, ஊர்லேர்ந்து கொண்டாந்த இனிப்பு டப்பாவுல ஒண்ணு குடுத்துடட்டுமா? குழந்தைங்க இருக்கும் போலிருக்கு.”

“விருந்துக்குப் போற வீட்டுக்குத்தான் டப்பா. வாடகை வாங்கறவனுக்கு எதுக்கு?”

லாலே தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது அவரைக் குடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தப்பா நெனக்காதம்மா. நம்ம பரம்பரையில ஒருத்தர் வீட்டு உப்பத் தின்னுட்டு அந்த வீட்டையே குறை சொன்னவன் எவனும் கெடயாது. இது வாடகை வீடு. அதனால கேக்கறேன்.”

“சரி மாமா,” என்றாள் அவள். தலை நிமிரவில்லை.

மழை விட்டதும் கை கழுவ வெளியே போனார் ஹாஜி. மாட்டுக் கொட்டகைக்குள் பேச்சுக்குரல் கேட்டது. பலகை இடுக்கில் பார்த்தார்.

வைக்கோல் மேல் அவன், அவன் மனைவி, இரண்டு குழந்தைகள், கண் தெரியாத கிழவர் ஒருவர். நடுவில் ஒரே தட்டு. அதில் காய்ந்த ரொட்டியும் தயிரும். மாடு கட்டும் முளையில் அந்தப் பள்ளிக்கூடப் பை தொங்கியது.

“அப்பா, அவங்க எப்பப்பா போவாங்க?” என்றாள் சின்னவள்.

“உஷ்! காதுல விழுந்தா மனசு நோகும்.”

 வாடகைக்கு வீடு விடுகிறவனுக்குக் குடியிருக்க வேறு வீடு இருக்குமே, இவன் ஏன் கொட்டகையில் கிடக்கிறான் என்று ஹாஜிக்குப் புரியவில்லை. கேட்டுவிடலாம் என்று கதவில் கை வைத்தார். சட்டைப் பையில் அதுவரை செத்துக் கிடந்த போன் உயிர்பெற்று அலறியது. கொட்டகைக்குள் பேச்சு நின்றது.

காதில் வைத்தார்.

“ஹாஜி, யூசுபி பேசறேன். சாவியோட பாலத்துகிட்டயே நனைஞ்சுபோய் நிக்கிறேன். நீங்க எங்க இருக்கீங்க?”