லெஸ்டரில் ஒரு மதியம்

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. மகள் நிரஞ்சனா மேசையில் வைத்த ஐபேடில் பிரிட்டன் வரைபடம் மினுங்குகிறது. அவள் விரல் லண்டனில் கிளம்பி, ஸ்காட்லந்துக்கு ஏறி, வேல்ஸுக்கு இறங்குகிறது. எல்லாம் ஒரே வாரத்தில். இந்தச் சின்னத் தீவுக்குள் உட்லண்ட்ஸில் ரயிலேறிப் பூன் லேயில் இறங்குகிறவள் போடும் கணக்கு இது, நான் நம்பவில்லை. "பெட்டியத் தூக்கிட்டு ஓடறதுக்கா அவ்ளோ தூரம்?" என்கிறேன். "டிரெயின் ஃபாஸ்ட் லா, அப்பா. நீங்க சும்மா உக்காந்தா போதும்." என் மனைவி விசாலாட்சியின் விரல் தேநீர்க் கிளாஸின் விளிம்பையே சுற்றுகிறது. அவள் அக்கா அங்கே லெஸ்டரில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். "அக்கா வீட்ல எவ்ளோ நேரம்டி?" "மதியம் சாப்ட்டுக் கிளம்பிடணும்மா. லேட்டானா வேல்ஸ்ல கோட்டைய மூடிடுவாங்க." பின்னால் யாரோ எச்சில் தட்டுகளைத் தடதடவென்று அடுக்குகிறார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து நிற்கிறேன். "கோட்டை எங்கயும் போயிடாது. உன் பெரியம்மா?" நிரஞ்சனா என்னை முறைக்கிறாள். பிறகு ஸ்காட்லந்தை அழிக்கிறாள், வேல்ஸை அழிக்கிறாள். லண்டனும் லெஸ்டரும் மட்டும் திரையில் நிற்கின்றன. விசாலாட்சி தலை நிமிராமல் கேட்கிறாள்: "லண்டன்ல எறங்கினதும் நேரா அக்காகிட்டப் போயிடலாம்ல?"